ஈனோஸ் லேதமுக்குப் பித்தளை

துப்பாக்கிக்கு இரும்பு பூட்டுவதா, பித்தளை பூட்டுவதா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். இதைத் தூக்கிக்கொண்டு நீ காட்டுக்குப் போகப்போகிறாயா, நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போகப்போகிறாயா? பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். துப்பாக்கி வேண்டும் என்று தெரிந்து வந்திருப்பார்கள், எதற்கு என்று யோசித்திருக்கமாட்டார்கள்.

உட்காருங்கள், ஷெரீப் ஐயா. அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும், சுவரோரம் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல்.

இந்த டென்னசி மலையில் எல்லோருக்கும் இரும்புதான். விசையைச் சுற்றி வரும் வளையம், தோளில் அழுந்தும் பின்தகடு, குழலுக்கு அடியில் வெடிமருந்து கெட்டிக்கும் கோலைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் குழாய்கள், எல்லாம் இரும்பு. ஒவ்வொன்றையும் உலையில் காய்ச்சி அடித்து வளைக்க வேண்டும். கையை முறிக்கிற வேலை. ஆனால் உப்புநீர் தடவித் துருவேற்றி, தேன்மெழுகு போட்டுத் தேய்த்தால் இரும்பு மரப்பட்டை நிறத்துக்கு வந்துவிடும். காட்டில் அது இருப்பதே தெரியாது. பித்தளை அப்படியல்ல. பழைய அண்டாவை உருக்கி மணல் அச்சில் ஊற்றினால் ஒரே நாளில் எல்லா உறுப்பும் வந்துவிடும். அரத்துக்கு வெண்ணெய் மாதிரி இடங்கொடுக்கும். ஆனால் மினுங்கும். ஒரு கீற்று வெயில் போதும், மலைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மான் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

நான் பிறந்த பென்சில்வேனியாவில் என் அப்பா பித்தளையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அங்கே பண்ணையார்கள் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி விருந்தாளிக்குக் காட்டுவார்கள். கட்டையின் வலப்பக்கத்தில், குண்டைச் சுற்றிப் போடுகிற கொழுப்பு தடவிய துணித்துண்டுகள் வைப்பதற்குக் குழி தோண்டி, அதற்கு உள்ளங்கை அகலத்தில் பித்தளை மூடி போட்டு, மூடியில் பூவும் கொடியுமாகச் செதுக்கித் தருவார் அப்பா. இங்கே அந்தக் குழிக்கு மூடியே கிடையாது. கட்டையில் ஒரு துளை, அதில் மாட்டுக்கொழுப்பு. அவ்வளவுதான். இங்கே பட்டறை போட்ட நாளிலிருந்து நான் பித்தளை பூட்டிக் கொடுத்தது ஒரே ஒரு துப்பாக்கிக்கு. அது ஈனோஸ் லேதமுக்காகச் செய்தது.

என் தம்பி டோபியாஸும் ஈனோஸும் கரடி வேட்டைக்குப் போனதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனிக்காலம் தொடங்குகிற நேரம். மொட்டைமலைக்கு அப்பால் இறங்கினார்கள். திரும்பி வந்தது ஈனோஸ் மட்டும். மாவரைக்கும் ஆலை வாசலில் ஊரே கூடியிருந்தது. தாடியில் உறைபனி தொங்க, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"காலு வழுக்கிருச்சு, கான்ராட். தலை பாறையில மோதிச்சு. ஒரு சத்தம்கூடப் போடல. தூக்கிட்டு வர என்னால முடியலப்பா. கல்ல அடுக்கி மூடிட்டு வந்துட்டேன்."

டோபியாஸின் மனைவி ஹெப்சி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகன் லேவி அப்போது அவள் தோளுயரம். பனி கொட்டிக்கொண்டிருந்தது, மேலே ஏற வழியில்லை. ஈனோஸ் காய்ச்சலில் விழுந்து பிதற்றினான். ஹெப்சியே அவனுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

பனி உருகியதும் நான் தனியாகப் போனேன். தம்பியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைத் தவிர அப்போது என் மனதில் எதுவும் இல்லை. ஈனோஸ் சொன்ன பாறையடியில் கல் குவியல் இல்லை. ஒரு கல்கூட இடம் மாறவில்லை. தீ மூட்டிய சாம்பல் இருந்தது. அதற்குக் கீழே சரிவில் இன்னொரு சாம்பல். ஓடையோரம் இன்னொன்று. ஓடையை ஒட்டியே இறங்கினேன். விழுந்து கிடந்த ஒரு செஸ்ட்நட் மரத்தில் சாய்ந்தபடி டோபியாஸ் இருந்தான். தொடையில் இடுப்புவார் சுற்றிக் கட்டியிருந்தது. துப்பாக்கியின் கோலை இரண்டாக ஒடித்து, எலும்பின் இரு பக்கமும் வைத்துக் கட்டியிருந்தான். நான் செய்து கொடுத்த துப்பாக்கி அது. சுற்றியிருந்த பிர்ச் மரங்களில் உட்கார்ந்தபடி கையெட்டும் உயரம் வரை பட்டை இல்லை. உரித்துத் தின்றிருக்கிறான்.

அந்தப் பாறையிலிருந்து அவன் தவழ்ந்து வந்திருந்த தூரம் நல்ல காலுள்ளவனுக்கே அரை நாள் நடை. அவனுக்கு எத்தனை நாள் ஆயிற்றோ தெரியாது. வீட்டுத் திசையைப் பார்த்தே வந்திருந்தான்.

நான் அழவில்லை. போர்வையில் எலும்புகளைக் கட்டினேன். இறங்கி வந்து ஹெப்சியிடம், "ஈனோஸ் சொன்ன மாதிரியே கல்லுக்கடியில இருந்தான், ஒண்ணும் வேதனப்பட்டிருக்க மாட்டான்" என்று சொன்னேன். பெட்டியை நானே ஆணி அடித்து மூடினேன். யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால், யோசித்துத்தான் மறைத்தேன். காலொடிந்தவனை மலையில் விட்டுவிட்டு வந்தான் என்பதற்கு உங்கள் சட்டத்தில் தண்டனை இல்லை. விஷயம் வெளியே வந்தால் என்ன நடக்கும்? கோடைக்காலத்தில் கூடாரக் கூட்டத்துக்குப் பிரசங்கியார் வருவார். ஈனோஸ் முன்வரிசையில் முழங்காலில் விழுந்து கதறுவான். ஊரே அவனைக் கட்டிக்கொண்டு அழும். சோளம் அறுக்கும்போது எல்லாம் தீர்ந்திருக்கும். எனக்கு அப்படித் தீர்வதில் விருப்பமில்லை. டோபியாஸ் எப்படிச் செத்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அதை நான் யாருடனும் பங்கு போடவில்லை.

ஈனோஸ் நல்ல மனிதன். நான் சொன்னதாகவே இதை எழுதிக்கொள்ளுங்கள். அந்த வசந்தத்திலேயே ஹெப்சியின் நிலத்தை உழுதான். அடுத்த வருஷமும் உழுதான். பன்றி அறுத்தால் பாதி அவள் வீட்டுக்கு. லேவிக்குக் கண்ணி வைக்க, காலடி பார்க்க, மருந்து அளந்து போட, எல்லாம் அவன்தான் கற்றுக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எல்லோரும் ஹெப்சி வீட்டில் சாப்பிடுவோம். சோள ரொட்டியும் மோரும் உப்புக்கண்டமும். ஈனோஸ் ஜெபம் சொல்வான். நான் அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அந்த வேளைகள் பிடித்திருந்தன. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் மரத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அப்படி.

வருஷங்கள் போயின. லேவி ஆளாகிவிட்டான். போன வசந்தத்தில் ஈனோஸ் என் பட்டறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"ஹெப்சியும் நானும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம், கான்ராட். நீ மூத்தவன். நீ ஒரு வார்த்த சொன்னாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

"இத கேக்க உனக்கு இத்தன வருஷமா? ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, உனக்குத்தான் தெரியலன்னு சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றேன்.

அவன் முகம் சிவந்தது. கண் கலங்கியது. "நீ என்னை வெறுக்கறயோன்னு ஒரு பயம் இருந்துச்சு."

"போடா பைத்தியக்காரா. கல்யாணத்துக்கு உனக்கு ஒரு துப்பாக்கி செஞ்சு தரேன்."

"ஐயோ, வேணாம்பா. சரி, செய்யறதுன்னா இரும்புலயே செஞ்சுடு. கனமில்லாம இருந்தாப் போதும்."

"இரும்பு ஊர்ல எவன் கையிலதான் இல்ல? உனக்குப் பித்தளை போடறேன். எங்கப்பா செய்வாரே, அந்த மாதிரி."

"பித்தளையா? மான் என்னைப் பாத்துட்டு ஓடிடும்டா!"

"உன் மூஞ்சியப் பாத்தே ஓடுது. இதுல பித்தளை என்ன செய்யும்?"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சம்மதித்தான். அதற்குமேல் மறுத்தால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தான்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். என் கண் அரத்தின் பல்லை ஒவ்வொன்றாக எண்ணும். கையெட்டும் தூரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தூரம் போய்விட்டது. எதிர்மலையில் பழுப்புக் கம்பளிச் சட்டை போட்ட ஒருவன் பழுப்பு மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தால் எனக்கு அவன் மரம்தான். கிட்டே போய்ச் சுடலாம், ஆனால் ஈனோஸுக்கு நரியின் காது. அதனால் அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குக் காட்டுவதற்கு ஏதாவது அவன் கையிலேயே இருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோடை முழுக்க அதைச் செய்தேன். அலையலையாக வரியோடும் மேப்பிள் கட்டை. குழலை நானே அடித்துத் துளைத்தேன். என் அம்மாவின் பித்தளை அண்டாவை உடைத்து உருக்கினேன். மூடியில் என் அப்பா செதுக்குகிற பூவையே செதுக்கினேன். அதன் இதழ்களைக் கொஞ்சம் குழிவாக வைத்தேன், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு இதழ் பிடித்துக்கொள்ளும்படி. பின்தகட்டை வழக்கத்தைவிட அகலமாக்கினேன். பொய் சொல்லவில்லை, ஐயா, என் வாழ்நாளில் அதைவிட அழகாக எதையும் நான் செய்ததில்லை.

கல்யாண விருந்தில் அது கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஹெப்சி வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மினுமினுப்பா? கண்ணு கூசுதே, அத்தான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாள். டோபியாஸைச் சொன்னாள்.

பித்தளை மங்கிவிடும். விவரம் தெரிந்த வேட்டைக்காரன் வேண்டுமென்றே மங்கவிடுவான், புகைக்கரி பூசுவான். ஈனோஸும் அப்படித்தான் செய்ய நினைத்தான். நான் விடவில்லை. "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம என்கிட்ட கொண்டா, நான் துடைச்சுத் தரேன்" என்றேன். கொண்டுவந்தான். செங்கல் பொடியும் தோல்துண்டும் வைத்துத் தேய்த்துக் கொடுப்பேன். அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். சில நாள் வாயைத் திறப்பான். ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கும். சொல்லமாட்டான். அன்பினால் என்று நினைத்துக்கொண்டேன்.

இலையுதிரும் காலத்தில் ஈனோஸ் விடியற்காலையில் உப்புச்சேற்றுக்கு மேலே இருக்கிற தட்டைப் பாறையில்தான் உட்காருவான். மான்கள் சேற்றை நக்க வரும். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மேடு, அதில் காட்டு லாரல் புதர். வெயில் முதலில் விழுவது அந்தப் பாறை மேல். அன்றைக்கு நான் அந்தப் புதருக்குள் படுத்துக்கொண்டேன். என் துப்பாக்கிக்கு இரும்பு.

வெயில் ஏறியது. எதிரே பாறைமேல் பித்தளை மினுங்கியது. அப்பா பட்டறையில் பார்த்த அதே மஞ்சள். மேலும் கீழும் ஆடியது. அதற்கு ஒரு முழம் கீழே குறிவைத்துச் சுட்டேன். மினுங்கல் விழுந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறிப் போனேன். பாறையில் லேவி கிடந்தான். என் தம்பி மகன்.

முதலில் உங்களிடம் மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தீர்கள். "பித்தளை பூட்டின மான நான் இந்த மாவட்டத்துல பாத்ததில்ல, கான்ராட் கைகர்" என்றீர்கள். நியாயமான பேச்சு. என்னை அதட்டாமல் கேட்டீர்கள், அதனால்தான் ஈனோஸைப் பற்றிய இதையெல்லாம் உங்களிடம் சொல்கிறேன். ஈனோஸ் என்று நினைத்துத்தான் சுட்டேன் என்று இதுவரை சொன்னதை வைத்து நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஊரில் அப்படித்தான் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பாவம் கான்ராட், பழிவாங்கப் போய்ச் சொந்த ரத்தத்தையே சுட்டுவிட்டான் என்று ஹெப்சி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த பெண்கள் அழுதார்களாம்.

ஆனால் நீங்கள் இப்போது கேட்ட கேள்வி வேறு. "முந்தின நாள் லேவி அந்தத் துப்பாக்கியோட உங்க பட்டறைக்குப் போனான்னு அவங்கம்மா சொல்றாங்களே?"

ஆமாம். வந்தான்.

மதியத்துக்கு மேல் இருக்கும். நான் உலையை அணைத்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியைப் பட்டடை மேல் வைத்தான். உட்காரவில்லை.

"இத எனக்குக் குடுத்துட்டாரு, பெரியப்பா."

"யாரு?"

"ஈனோஸ் அப்பா." கல்யாணத்துக்குப் பிறகு அப்படித்தான் கூப்பிட்டான். "எனக்கு இது தகாது, உங்க பெரியப்பா உக்காந்து இதத் துடைச்சுக் குடுக்குறப்பல்லாம் என் நெஞ்சு அறுந்து போகுதுடான்னு சொல்லி அழுதாரு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

நான் துருத்தியின் கயிற்றைச் சுற்றி வைத்தேன்.

"எங்கப்பா விழுந்தப்போ சாகலயாம். தொடையெலும்பு உடைஞ்சு போச்சாம். நீ போய் ஆளுங்களக் கூட்டிட்டு வான்னு அப்பாதான் அனுப்பினாராம். வழியெல்லாம் பனி. ரெண்டு தரம் வழி தவறி, உடம்பெல்லாம் நெருப்பா கொதிச்சு, ஆலை வாசலுக்கு வந்து நின்னப்போ, டோபியாஸ் எங்கடான்னு எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டாங்களாம். திரும்ப அந்த மலைக்குப் போகணுமேங்கற பயத்துல வாயில பொய் வந்துடுச்சாம். சொன்ன பொய்யத் திருப்பி வாங்க முடியல. காய்ச்சல் விட்டு எழுந்தப்போ அப்பா செத்திருப்பாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? ராத்திரி பூரா அவரை அடிச்சுக் கொல்லணும்னு நினைச்சேன். காலைல போய்ப் பாத்தா, என் பூட்ஸ்க்குத் தோல் தைச்சுக்கிட்டு இருந்தாரு. ஊசிக் காதுல நூல் நுழைய மாட்டேங்குது. நான் கோத்துக் குடுத்தேன். அவ்வளவுதான், பெரியப்பா. மன்னிச்சுட்டேன்."

அவனுக்குத் தாடி முளைத்திருந்ததை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். டோபியாஸின் தாடை.

பிறகுதான் அவன் கேட்க வந்ததைக் கேட்டான். "நீங்க வசந்தத்துல மேல போனீங்களே. கல்லுக்கடியில இருந்தாருன்னு எங்ககிட்ட சொன்னீங்க. கல்லே வைக்கலங்கறாரு அவரு. அப்போ நீங்க எங்கப்பாவ எங்க பாத்தீங்க?"

நான் உலையில் மிச்சமிருந்த கரியைக் கிளறினேன்.

"உங்களுக்குத் தெரியும். இத்தன வருஷமா தெரியும். எங்ககூட உக்காந்து சாப்பிட்டீங்க. ஏன் பெரியப்பா?" அவன் கோபப்படவில்லை. என்மேல் இரக்கப்பட்டான். அதை அவன் முகத்தில் பார்த்தேன், அது கிட்டத்தில் இருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. "ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட சொல்லப்போறோம், அவரும் நானும். நீங்களும் வாங்க. மூணு பேரும் சேர்ந்து சொல்லிடலாம். அம்மா அழுவாங்க, அப்புறம் சரியாயிடுவாங்க. உங்களையும் மன்னிச்சுடுவாங்க."

உங்களையும் என்றான்.

ஐயா, நீங்கள் நிதானமானவர், உங்களுக்குப் புரியும். நான் இத்தனை வருஷம் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்ததை, அவன் ஒரு காலையில் ஊசி கோத்துக் கொடுத்து முடித்துவிட்டான். மலையில் பட்டையைத் தின்றது அவனா? அந்த எலும்பைப் போர்வையில் கட்டியது அவனா? மன்னிக்க அவனிடம் என்ன இருந்தது? அவனுக்குச் சொந்தமில்லாததை எடுத்துக் கொடுத்துவிட்டான். அதற்குக் கூலியாகத்தான் அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்து என் பட்டடை மேல் வைத்திருந்தான். அப்பா என்று ஈனோஸைக் கூப்பிட்டான்.

நான் அவனிடம் தன்மையாகவே பேசினேன். "பேச வேண்டியது நிறைய இருக்கு, லேவி. இங்க வேணாம். நாளைக்குக் காலைல உப்புச்சேத்துக்கு வா. உங்கப்பாவ எங்க பாத்தேன்னு சொல்றேன். நீ அந்தத் தட்டைப் பாறையில உக்காரு, நான் எதிர்மேட்டுலேருந்து வரேன்."

"உங்களுக்குத்தான் தூரம் தெரியாதே, பெரியப்பா. நான் எங்க இருக்கேன்னு எப்படித் தெரியும்?" என்றான். சிரித்தான். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தான்.

"தெரியும், வா" என்றேன். போவதற்கு முன் துப்பாக்கியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன். மூடியின் இதழ்களுக்கு நடுவே அழுக்குச் சேர்ந்திருந்தது.

மினுங்கல் மேலும் கீழும் ஆடியது என்று சொன்னேன் அல்லவா. அது அவன் என்னைக் கூப்பிட்டது. எழுந்து நின்று, துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கி, பித்தளையில் வெயில் படும்படி ஆட்டிக் காட்டினான். பெரியப்பாவுக்கு வழி தெரியட்டும் என்று. குரலும் கொடுத்தான். "இங்க இருக்கேன், பெரியப்பா" என்றான். காது எனக்கு நன்றாகவே கேட்கும். கேட்டுவிட்டுத்தான் சுட்டேன்.

இதைச் சொன்னதும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். ஈனோஸைச் சுட்டிருந்தால்கூட உங்களுக்குப் புரிந்திருக்கும் போலிருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன், அது சிறிய கணக்கு. ஈனோஸ் செத்திருந்தால் அந்த ஒரு காலையோடு அவன் பாடு முடிந்திருக்கும். ஊர் அவனைப் பாட்டுப் பாடிப் புதைத்திருக்கும். இப்போது பாருங்கள். முந்தாநாள் இந்தச் சிறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். தொப்பி இல்லை. ஒரே வாரத்தில் கிழவனாகிவிட்டான். கம்பியைப் பிடித்தான்.

"என்னைத்தானேடா சுட்டிருக்கணும், கான்ராட்? நான் உன் முன்னாடியே உக்காந்திருந்தேனே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உன் முன்னாடிதானே உக்காந்திருந்தேன்? ஏன்டா அவனை?"

 ஹெப்சி அவனை வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டாள் என்று அவனே சொன்னான். எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஆலைப் பக்கம் வைக்கோல் கொட்டகையில் படுத்துக்கொள்கிறானாம். வெகுநேரம் நின்று பேசினான். டோபியாஸ் தவழ்ந்து வந்த ஓடையைப் பற்றி அவனுக்கு நான் விவரமாகச் சொன்னேன். சாம்பல்களைப் பற்றி, பட்டைகளைப் பற்றி. அவன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, கேட்டுக்கொண்டே நின்றான். எனக்கு அன்றைக்கு இரவு நல்ல தூக்கம்.

நேற்று ஹெப்சி வந்தாள். நீங்கள்தான் கதவைத் திறந்து விட்டீர்கள். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கதவோரம் நின்று, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் இருந்தா உங்களை என்ன கேப்பாரு, அத்தான்?"

அவளிடம் எப்படிச் சொல்வது? பெற்றவள். புரியாது. ஆனால் நீங்கள் கேட்டால் சொல்வேன். நானும் அவனும் ஒரே படுக்கையில் தூங்கி வளர்ந்தவர்கள், அவன் மனசு எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த லாரல் புதருக்குள் டோபியாஸ் உயிரோடு என் பக்கத்தில் படுத்திருந்தால், எதிர்ப்பாறையில் தன் மகன் எழுந்து நின்று கையாட்டுவதைப் பார்த்துவிட்டு, "சுடு அண்ணா" என்றுதான் சொல்லியிருப்பான்.